அம்மா பெயருக்கு எதிரே ஒரு சொல்

திருநெல்வேலி,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தங்கச்சி இசக்கியம்மாவின் மகள் நித்யா வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. நீங்களும் பிரம்மசக்தியும் எப்படி இருக்கிறீர்கள்? உங்களுக்கு இரண்டு காதும் அடைத்துவிட்டதாக, ஏரலிலிருந்து எங்கள் கடைக்குத் துணி எடுக்க வந்த ஒருவர் சொன்னார். போனில் பேசிப் பயனில்லை என்றுதான் இந்தக் கடிதம். அத்தை இறந்தபோது பார்த்தது. நாலு வருஷமாக ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை என்று கோபப்படாதீர்கள்.

நாங்கள் கூரைப்பாறை தேயிலை எஸ்டேட்டை விட்டுக் கீழே இறங்கி எட்டு மாதம் ஆகிறது. வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. நான் வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன்.

எஸ்டேட் ஆபீஸைக் காலி செய்தபோது பழைய ஃபைல்களை வெளியே குவித்து, அவரவர் தாளை அவரவர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. நான்தான் தேடி எடுத்து வந்தேன். அதில் 1996ஆம் வருஷத்துத் தாள் ஒன்று. அம்மாவின் பெயருக்கு எதிரே, அப்போது மேனேஜராக இருந்த துரை மையால் ஒரே ஒரு ஆங்கில வார்த்தை எழுதியிருக்கிறார். ஷ்ரூடு என்று வாசிக்க வேண்டுமாம். எஸ், எச், ஆர், இ, டபிள்யூ, டி.

நீங்கள் அப்போது அந்த ஆபீஸில் கிளார்க். துரையின் கையெழுத்தை தினமும் பார்த்தவர். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் மாமா? அம்மாவைப் பற்றி ஒரு வெள்ளைத்தாளில் ஒருவர் எழுதியது இது ஒன்றுதான். அதனால் தெரிந்துகொள்ள ஆசை.

நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

அன்புடன்,
நித்யா


ஏரல்,
20 பிப்ரவரி 2025

அன்பு மருமகள் நித்யாவுக்கு மாமா மாடக்கண்ணு ஆசி கூறி எழுதும் கடிதம்.

உன் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். எனக்குக் காது போனதைத் தவிர வேறு குறையில்லை. கடையில் இருக்கும்போது வருகிறவர்கள் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். உன் அம்மாவின் முட்டுக்கு என்ன மருந்து போடுகிறாய்? குளிர்ந்த தண்ணீரில் நிற்க விடாதே.

நீ கேட்ட வார்த்தைக்குப் புத்திசாலி என்று அர்த்தம். அவ்வளவுதான். உன் அம்மா சின்ன வயதிலேயே சூட்டிகையானவள். துரை சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

பிரம்மசக்திக்கு இடம் அமைந்திருக்கிறது. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை மின்சார வாரியத்தில் இருக்கிறார். இசக்கி வர வேண்டும். அத்தை வராமல் கல்யாணமா என்று பிள்ளை கேட்கிறாள். பைய எடுத்துச் சொல்.

அந்தத் தாளில் வேறு ஏதும் எழுதியிருக்கிறதா?

மாமா,
மாடக்கண்ணு


திருநெல்வேலி,
2 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கல்யாணச் செய்தி கேட்டுச் சந்தோஷம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்கிறேன். முட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். உங்கள் காதை ஒருமுறை பெரிய டாக்டரிடம் காட்டக் கூடாதா?

புத்திசாலி என்று நீங்கள் எழுதியதைப் படித்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. போனில் அந்த வார்த்தையைப் போட்டுப் பார்த்தேன். மூன்று அர்த்தம் வந்தது: மதிநுட்பமுள்ள, சாமர்த்தியமான, தந்திரமான. முதலாவதும் மூன்றாவதும் எப்படி ஒரே வரியில் நிற்க முடியும் என்று அன்றைக்கு முழுக்க யோசனை.

எங்கள் கடையில் மாடிப் பொறுப்பு சுந்தர் அண்ணாச்சிக்கு. அவரிடம் கேட்டேன். “இதுல என்ன ஆச்சரியம்? நம்ம ஊர்லயும் அப்படித்தான். உன் பிள்ளை நல்ல வெவரமா இருக்கான்னு சொன்னா தாயிக்குக் குளுந்து போகும். அவ பெரிய வெவரக்காரி, பாத்து இருன்னு சொன்னா சண்டைக்கு வருவா. வார்த்தை ஒண்ணுதான். சொல்லுற வாயிதான் வேற” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. சேலை எடுக்க வருகிறவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பில் போடுகிறேன். கெட்டிக்காரி என்கிறார்கள், அது எப்போதும் பாராட்டு. “சாமர்த்தியசாலிதான்” என்று இழுத்தால் அதில் ஒரு குத்து இருக்கிறது. “அவளுக்குச் சூது வாது தெரியாது” என்று ஒரு மருமகளைப் புகழ்ந்தார்கள். அவளுக்குப் புத்தி கொஞ்சம் குறைவு என்றும் அதற்கு அர்த்தமாம், பிறகு தெரிந்தது.

துரை எந்த வாயால் எழுதினார், மாமா?

அன்புடன்,
நித்யா


ஏரல்,
15 மார்ச் 2025

அன்பு மருமகளுக்கு,

இங்கு யாவரும் நலம். வெயில் இப்போதே ஏறிவிட்டது. உன் கடிதத்தைப் பிரம்மசக்திக்கும் காட்டினேன். சூது வாது தெரியாத மருமகளைப் பற்றிப் படித்து அவள் சிரித்தாள்.

என்னிடம் ஒரு கையகல ஆங்கில அகராதி இருந்தது. ஆபீஸில் சேர்ந்த வருஷம் அம்பாசமுத்திரத்தில் வாங்கியது. போன முறை ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது அலமாரியோடு போய்விட்டது. இருந்திருந்தால் உனக்குப் பார்த்துச் சொல்லியிருப்பேன். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைக்குப் பல அர்த்தம் இருக்கும். அதையெல்லாம் கிண்டிக்கொண்டு போனால் முடிவே இல்லை. துரை குடகுக்காரர். தமிழ் அரைகுறை. நல்ல மனுஷன். நல்ல வாயால்தான் எழுதியிருப்பார்.

கடை வேலையைக் கவனி. நின்று கொண்டே பில் போடாதே, ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொள்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அந்தத் தாளில் வேறு ஒன்றும் இல்லையே?

மாமா,
மாடக்கண்ணு


திருநெல்வேலி,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஸ்டூல் கேட்டேன். தரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் நூலகத்துக்குப் போனேன். அங்கே ஜாஸ்பர் என்று ஒருவர் இருக்கிறார். என்ன புத்தகம் என்று கேட்டார். “புத்தகம் வேண்டாம் சார், ஒரு வார்த்தையோட பூர்வீகம் வேணும்” என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். தூக்க முடியாத ஒரு அகராதியை மேசையில் கொண்டுவந்து போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொன்னார்.

ஷ்ரூ என்று ஒரு பிராணி. படத்தைக் காட்டினார். நீண்ட மூக்கு, கடுகளவு கண். பார்த்ததும் தெரிந்துவிட்டது, நம்முடைய மூஞ்சூறு. அது கடித்தால் விஷம், மாட்டின் மேல் ஏறி ஓடினால் மாடு முடமாகிவிடும் என்று இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் நம்பினார்களாம். அதனால் பொல்லாத ஆட்களையும் அந்தப் பெயர் சொல்லி ஏசியிருக்கிறார்கள். அந்த ஏச்சிலிருந்து பிறந்ததுதான் ஷ்ரூடு. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அதற்குக் கெட்ட, பொல்லாத என்று மட்டும்தான் அர்த்தம். பிறகு தந்திரமான என்று ஆகி, அதற்கும் பிறகுதான் கூர்மையான புத்தியுள்ள என்று வந்து சேர்ந்திருக்கிறது.

தாளின் விவரத்தைச் சொல்லி, “அப்போ இப்ப நல்ல வார்த்தைதானே சார்?” என்று கேட்டேன்.

“நல்ல வார்த்தைதான். ஆனா பின்னால வந்த அர்த்தம் முன்னால இருந்ததை வெளிய தள்ளிராதும்மா. ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருக்கும். வேலைக்கு ஆள் எடுக்குற தாள்ல ஒரு பொம்பளையைப் பத்தி இப்படி எழுதியிருந்தா, அதுக்கு அடுத்த வரி என்னன்னு பாக்கணும்” என்றார்.

மாமா, அடுத்த வரி இருக்கிறது. முதல் கடிதத்திலேயே நான் அதை எழுதியிருக்கலாம். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று பார்க்கத்தான் மறைத்தேன். அதற்கு மன்னியுங்கள். தாளின் தலைப்பு, பெண் சூப்பர்வைசர் வேலை. அம்மா பெயர். ஷ்ரூடு. அதற்குக் கீழே இரண்டு வரி. கிளார்க் மாடக்கண்ணுவிடம் விசாரித்தேன். இந்தப் பெண் வேண்டாம்.

துரை அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தார்?

நித்யா


திருநெல்வேலி,
25 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஏழு வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? தினமும் கடை விட்டு வந்ததும் கதவிடுக்கில் கடிதம் கிடக்கிறதா என்று பார்க்கிறேன்.

நான் கோபமாக எழுதிவிட்டேனோ என்று உறுத்துகிறது. ஆனால் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் மனம் வரவில்லை. அம்மாவிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். “உனக்கு அந்தக் காலத்துல சூப்பர்வைசர் வேலை வந்துச்சாமே?”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “வந்துச்சு. போச்சு.”

“ஏன் போச்சு?”

“மழை எதுக்கு வரலன்னு எவன்கிட்டப் போய்க் கேக்க? ஏட்டி, பழுத்த இலையை இதுல போடாத.”

அவ்வளவுதான் அவளிடமிருந்து வந்தது. கல்யாணத்தைச் சொன்னேன். “பிள்ளைக்கு அவ்ளோ வயசாயிட்டா” என்றாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நித்யா


ஏரல்,
11 ஜூன் 2025

நித்யாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன். எழுதிவிடுவேன்.

மாடக்கண்ணு


ஏரல்,
29 ஜூன் 2025

அன்பு மருமகள் நித்யாவுக்கு,

வெள்ளம் கொண்டுபோன அகராதியில் அந்த வார்த்தை இருந்தது. எனக்கு அர்த்தம் தெரியாது என்பது போல எழுதியது பொய். நன்றாகத் தெரியும்.

1996 ஆனி மாதம். சாயங்காலம் நாலு மணி. துரை என்னை அறைக்குக் கூப்பிட்டார். கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு ஒரு பெண்ணையே சூப்பர்வைசராகப் போடலாம் என்று அவருக்கு யோசனை. அவர் மேசையில் ஆளுக்கு ஒரு தாளாக இரண்டு பெயர் இருந்தது. ஒன்று உன் அம்மா. இன்னொன்று உன் அத்தை சுடலைவடிவு. ஒருத்தி என் தங்கச்சி, ஒருத்தி என் மனைவி என்பது புதிதாக வந்த அந்த மனுஷனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

உன் அத்தைக்கு அப்போது மூன்றாம் மாதம். முன்னால் இரண்டு பிள்ளை, இரண்டும் நாலாம் மாதத்தில் அந்தச் சரிவிலேயே கலைந்து போயிற்று. இனி மலை ஏறி இறங்கக் கூடாது என்று கீழே டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். கூடையை இறக்கி வைத்தால் கூலி போகும், வீடும் போகும். சூப்பர்வைசர் என்றால் ரோட்டில் நின்று பார்த்தால் போதும்.

துரை முதலில் வடிவைப் பற்றிக் கேட்டார். உண்மையாக உழைப்பவள் என்றேன். அது பொய் இல்லை. அடுத்து இசக்கியைப் பற்றிக் கேட்டார். நல்ல புத்தியுள்ளவள் என்பதற்கு நேரான ஆங்கில வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, ஷ்ரூடு சார் என்றேன்.

ஏன் அந்த வார்த்தை என்றால், அதற்கு இரண்டு வருஷம் முந்தி பழைய துரை, தொழிலாளர் தலைவராக இருந்த ஞானையாவைப் பற்றி என்னிடம் ஒரு கடிதம் டைப் அடிக்கக் கொடுத்தார். அதில் அந்த வார்த்தை இருந்தது. புரியாமல் அகராதியைப் பார்த்தேன். கூர்மையான அறிவுடைய என்று போட்டிருந்தது. பரவாயில்லை, புகழ்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஞானையாவைக் குடும்பத்தோடு எஸ்டேட்டின் கடைசிக் கோடியில் இருந்த டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வார்த்தை ஒரு ஆளை என்ன செய்யும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

புதிய துரை பேனாவை எடுத்து, “ஷ்ரூடு?” என்று திருப்பிக் கேட்டார். அப்போதாவது மாற்றியிருக்கலாம். தலையை ஆட்டினேன். எழுதிவிட்டார்.

அன்று இரவே உன் வீட்டுக்கு வந்து, “உன்னையப் புத்திசாலின்னுதான் எழுதியிருக்காரு. படிப்பு பத்தாதாம்” என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், “அஞ்சாப்புதானே படிச்சிருக்கேன், என்ன செய்ய” என்றாள். நீ அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். உனக்கு நாலு வயது.

மறு தை மாதம் பிரம்மசக்தி பிறந்தாள்.

பிள்ளைக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். பிள்ளை உயிரோடு இருக்கிறாள், நான் அதற்கு எப்படி வருத்தப்படுவேன்? வருத்தப்படவும் இல்லை. ஆனால் உன் அம்மா அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் அந்தச் சரிவில் ஏறி இறங்கினாள். நீ முட்டுவலி என்று எழுதும்போதெல்லாம் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறேன்.

இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உன்னிடமே விடுகிறேன். எனக்குத் தைரியம் இல்லை.

மாடக்கண்ணு


திருநெல்வேலி,
20 ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் கடையில் இருந்தேன். தபால்காரர் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மா உறையைப் பிரித்திருக்கிறாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் ஒரு எழுத்து விடமாட்டாள். நான் வந்தபோது விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கடிதம் மடியில் இருந்தது. பழைய கடிதங்கள் எங்கே என்று மட்டும் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் போயிற்று. ஒரு நாள் சோறு போடும்போது, “மூஞ்சூறுன்னா போட்டிருக்கு?” என்றாள்.

“ஆமா.”

“நம்ம ஊர்ல அது பிள்ளையாரைச் சுமக்கு. அந்த ஊர்ல அதுக்கு விஷமாக்கும்” என்றாள். பிறகு அவளாகவே சிரித்தாள்.

இன்று காலையில் என்னைக் கூப்பிட்டு, “எழுது” என்றாள். ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். இனி அம்மா சொல்வது.

அண்ணனுக்கு இசக்கி சொல்லுதது. நான் நல்லா இருக்கேன். நீயும் நல்லா இருக்கணும்.

என்ன வார்த்தை எழுதுனாங்கன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். ஆனா நீ செஞ்சது அப்பவே தெரியும். பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிச்சு மைனி என் வீட்டுக்கு வந்தா. பச்சை உடம்பு, அந்தக் குளிர்ல. “இசக்கி, இது உன் வேலை. உங்க அண்ணன் வாங்கி எனக்குத் தந்துட்டாரு”ன்னு சொல்லி அழுதா. பிள்ளையை என் கையில குடுத்தா. நான் என்னத்தச் சொல்ல? பிள்ளையை வாங்கிக்கிட்டேன். அவர்கிட்டக் கேட்டுராதன்னு மைனி சொன்னா. கேக்கல.

நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். நீ எஸ்டேட்டை விட்டு ஏரலுக்குக் கிளம்பும்போது சொல்லுவேன்னு பாத்தேன். மைனி செத்த அன்னைக்காவது சொல்லுவேன்னு பாத்தேன். நீ, காப்பி குடிக்கியான்னு கேட்ட. அதான் பச்சத்தண்ணி குடிக்காமத் திரும்பிட்டேன்.

நீ என்கிட்டக் கேட்டிருந்தா நானே மைனிக்கு விட்டுக் குடுத்திருப்பேன்னு எழுதச் சொல்லலாம்னுதான் முதல்ல நெனச்சேன். நித்யா எழுதவும் செஞ்சா. அதை அடிக்கச் சொல்லிட்டேன். அது உண்மையில்ல. எனக்கும் அந்த வேலை வேணும். ராத்திரி படுத்துக்கிட்டு, அந்த சூப்பர்வைசர் குடையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல நிக்குத மாதிரி நெனச்சுப் பாத்திருக்கேன். நீ கேட்டிருந்தா நான் மாட்டேன்னுருப்பேன். சண்டை போட்டிருப்பேன். நீயும் போட்டிருப்ப. மைனி நடுவுல நின்னு அழுதிருப்பா. கடைசியில யாருக்குக் கிடைச்சிருக்குமோ. ஆனா நாலு மாசத்துல, ஒரு கோயில் கொடையில, நாம பேசியிருப்போம். அந்தச் சண்டையை நீ எனக்குத் தரல. அதான் எனக்கு ஆறல. வேலை போனது இல்ல.

ஆவணி கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தி வாரேன். நித்யாவுக்கு லீவு கிடையாது, அவ கல்யாணத்தன்னைக்குத்தான் வருவா. நான் மட்டும்தான். நான் வந்த முத நாள் எந்த வேலையும் வச்சுக்கிடாத. பந்தக்காரன், சமையக்காரன் ஒருத்தனையும் வரச் சொல்லாத. பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிரு.

அன்னைக்கு நாம சண்டை போடணும்.

இசக்கியம்மா